கதை பேசும்போது கை என்ன செய்கிறது?

முதன்முதலாக ஒரு கேம் செய்யக் கிளம்பியபோது 60 பக்கம் கதை எழுதி வைத்திருந்தேன். மூன்று அரச வம்சம், ஒரு சாபம், ஒரு பழைய வரைபடம், வில்லனுக்கு மட்டும் தனியாக ஒரு சோகமான பால்யம். எல்லாவற்றையும் கொட்டித் தொடக்கத்திலேயே 6 நிமிடக் கட்சீன் (ஆட முடியாமல் படம்போல ஓடும் காட்சி) ஒன்று செய்து அக்கா மகனிடம் கொடுத்தேன். இரண்டாவது விநாடியிலேயே அவன் ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்க்க ஆரம்பித்தான். ஸ்கிப் இல்லை என்று தெரிந்ததும் கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு, "நான் எப்ப மாமா வெளையாடறது?" என்றான்.

கதை மோசம் என்று அவன் சொல்லவில்லை. அதை அவன் கேட்கவே இல்லை.

ஆக்‌ஷன் அட்வென்ச்சர் வகையில் முதல் கேமைச் செய்யப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓடுவது, ஏறுவது, சண்டை, புதிர், கூடவே ஒரு கதை என்று எல்லாம் கலந்த வகை அது. தனியாளாகவோ இரண்டு மூன்று நண்பர்களாகவோ செய்கிறீர்கள், ஆடி முடிக்க 15 நிமிடம் ஆகும் அளவுக்கே திட்டம் என்று வைத்துக்கொள்கிறேன். 20 மணி நேர கேமை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: சில புகழ்பெற்ற கேம்களின் முடிவைப் போகிற போக்கில் போட்டு உடைத்திருக்கிறேன்.

படி 1: கதையை மூடி வைத்துவிட்டு வினைச்சொல்லைத் தேடுங்கள்

தமிழில் எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்கும். "வந்தான்" என்றால் போதும், யார், எங்கிருந்து என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொள்ளலாம். கேமும் அப்படித்தான். நாயகன் யார், எந்த நாடு, எந்த நூற்றாண்டு என்பதற்கு முன்னால் முடிவாக வேண்டியது, ஆடுகிறவரின் விரல் என்ன செய்யப்போகிறது என்பது.

2001இல் ப்ளேஸ்டேஷன் 2க்கு வந்த இக்கோவைப் பாருங்கள். கொம்பு முளைத்த ஒரு சிறுவனும் யோர்டா என்ற பெண்ணும் ஒரு கோட்டையிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறார்கள். ஆர்1 பட்டனை அமுக்கிப் பிடித்தால் அவன் அவள் கையைப் பிடித்துக்கொள்வான். விரலை எடுத்தால் கையும் விட்டுப்போகும். ஒருவர் பேசும் மொழி மற்றவருக்குப் புரியாது. ஆனால் அவளை விட்டுவிட்டு நாலடி தள்ளிப் போனால் நமக்கே பதறும். அந்தப் பதற்றம் ஒரு பட்டனில் இருக்கிறது, வசனத்தில் இல்லை.

அதே இயக்குநர் ஃபுமிட்டோ உவேடா 2005இல் ஷேடோ ஆஃப் தி கொலோசஸைக் கொடுத்தார். இங்கே அதே ஆர்1, பிரம்மாண்ட உருவங்களின் ரோமத்தைப் பற்றிக்கொண்டு தொங்குவதற்கு. பிடி நழுவும் அளவைக் காட்ட ஒரு வட்டம் தேய்ந்துகொண்டே வரும். 16 உருவங்களை இப்படியே வீழ்த்திய பிறகு, கடைசியில் நாயகனையே ஒரு காற்று தொட்டியை நோக்கி உறிஞ்சி இழுக்கிறது. படிக்கட்டைப் பற்றிக்கொள்ளலாம், தப்பிக்க முடியாது. முடியாது என்று தெரிந்தும் விரல் அந்தப் பட்டனை விடாது. "அவனுக்குச் சாக மனமில்லை" என்று எழுதிக் காட்டியிருந்தால் இதில் கால்வாசி கூட வந்திருக்காது.

ஆக, ஒரு தாளில் பத்து வினை எழுதுங்கள். எறி, இழு, சும, ஊது, ஒளி, தாங்கு. "சண்டை போடு" என்று எழுதாதீர்கள், அது வினையாகாது. எப்படிப் போடுகிறான் என்பதுதான் வினை. ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்ற ஒன்பதையும் அடியுங்கள்.

பேச வசதியாக ஒரு மாதிரி கேமை வைத்துக்கொள்வோம். அணை உடைந்து மூழ்கிக்கொண்டிருக்கும் ஊர். ஒரு பெண், அவள் கையில் கொக்கி கட்டிய கயிறு. பட்டனை அமுக்கினால் கயிறு பாயும். அமுக்கியே இருந்தால் பிடித்திருக்கும். விட்டால் கழன்றுவிடும். ஆட்டம் அவ்வளவுதான்.

படி 2: சாம்பல் நிறப் பெட்டிகளோடு ஒரு வாரம்

படமும் வேண்டாம், இசையும் வேண்டாம். எஞ்சினில், அதாவது கேம் செய்யும் மென்பொருளில், வெறும் பெட்டிகளை அடுக்கி, அந்தப் பெண்ணுக்குப் பதில் ஒரு உருளையை நிறுத்தி, கயிறு வீசித் தாவிப் பாருங்கள். வேலையே இல்லாமல் ஐந்து நிமிடம் சும்மா தாவிக்கொண்டிருக்கத் தோன்றுகிறதா? தோன்றவில்லை என்றால் கயிற்றின் வேகம், நீளம், தாவி இறங்கும் கனம் என்று அங்கேயே உட்கார்ந்து திருத்துங்கள். சுவையில்லாத ஆட்டத்தை நல்ல கதை காப்பாற்றும் என்று நானும் நம்பியிருந்தேன். நல்ல கதை அதை இன்னும் எரிச்சலாக்கும்; அடுத்தது என்ன என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர், நடுவில் இந்தத் தாவலைச் சகிக்க வேண்டியிருக்கிறதே என்று நொந்துகொள்வார்.

படி 3: அந்த வினையால் மட்டுமே சொல்ல முடிகிற கதை

இப்போது கதையை ஒரே வரியில் எழுதுங்கள். நம்முடையது: வெள்ளத்தில் தாத்தாவைத் தேடிப் போகிறவள், எதைப் பிடித்துக்கொள்வது, எதை விடுவது என்று கற்றுக்கொள்கிறாள். பிடி, விடு, இரண்டும் அந்த ஒரே பட்டனில் இருக்கின்றன. சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கயிற்றைத் தூக்கிவிட்டு வாளை வையுங்கள். அதற்குப் பிறகும் அந்த வரி அப்படியே பொருந்தினால், அது இந்த கேமுக்கான கதையில்லை.

இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. 2007இல் பயோஷாக் வந்தது. கேம் வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் அதே ஆண்டு அதைப் பற்றி எழுதினார். ஆட்டத்துக்குள் சின்னப் பெண்களைக் கொன்று சக்தியை எடுத்துக்கொள்வதா காப்பாற்றுவதா, உன் லாபத்தை நீயே பார்த்துக்கொள் என்று சுதந்திரம் தருகிறீர்கள். கதையிலோ அட்லஸ் என்பவனுக்கு உதவுவதைத் தவிர வேறு வழியே தரவில்லை, இது முரண் இல்லையா என்று கேட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் லூடோநரேட்டிவ் டிசோனன்ஸ். அவ்வளவு சிரமப்பட வேண்டாம், நம்மிடம் "சொல்வதொன்று செய்வதொன்று" இருக்கிறது.

இந்த நோய் பெரிய நிறுவனங்களுக்கும் உண்டு. 2013இன் டூம் ரைடரில் நாயகி லாரா முதல் தடவை ஒரு உயிரைப் பறித்து நடுங்குகிறாள். சிறிது நேரத்திலேயே தலையில் சுட்டதற்குப் புள்ளிகள் கொடுத்துத் தட்டிக்கொடுக்கிறார்கள். அன்சார்ட்டட் வரிசையின் நாயகன் நேதன் டிரேக் சிரித்த முகத்தோடு எத்தனை பேரைச் சாய்த்தான் என்று ரசிகர்கள் கேலி செய்துகொண்டே இருந்தார்கள். 2016இல் வந்த நான்காம் பாகத்தில் 1,000 எதிரிகளைக் கொன்றால் ஒரு டிராபி. அதன் பெயரே லூடோநரேட்டிவ் டிசோனன்ஸ்! கேலியை அவர்களே முந்திக்கொண்டார்கள். அது சாமர்த்தியம்தான், தீர்வு இல்லை.

சின்ன கேம் செய்கிற நமக்குத் தீர்வு மலிவாகவே கிடைக்கிறது: எதிரிகளைக் குறைப்பது. 16 உருவங்களைத் தவிர ஷேடோ ஆஃப் தி கொலோசஸில் வழியில் அடித்துப்போடச் சில்லறை எதிரிகளே கிடையாது. நம் கேமில் மனிதர்களே எதிரியாக வேண்டாம். அடித்து வரும் மரங்கள் போதும். கூரையில் ஒதுங்கிப் பயத்தில் கடிக்க வரும் நாய்கள் இருக்கட்டும். அவற்றைக் கொல்ல வேண்டியதில்லை, நடுவில் கிடக்கும் பலகையைக் கயிறு போட்டு இழுத்துவிட்டால் போதும்.

ஆக்‌ஷன் துளியும் இல்லாத ஒரு கேமை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. டொரோண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட வெண்பா, கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. கிழிந்து, மை அழிந்துபோன ஒரு சமையல் குறிப்புப் புத்தகம். விடுபட்ட வரி என்னவாக இருக்கும் என்று கண்டுபிடித்துச் சமைப்பதுதான் புதிர். ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது எதெல்லாம் விடுபடுகிறது என்பதுதான் கதையும். கையும் கதையும் ஒரே வேலையைச் செய்கின்றன.

படி 4: கை, காது தாள்

எனக்கு மிகவும் உதவியது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். கோடு போட்ட தாளை எடுத்து, அரை நிமிடத்துக்கு ஒரு வரி என்று 30 வரி விடுங்கள். 15 நிமிடம் ஆயிற்று. இடப்பக்கம் "கை", வலப்பக்கம் "காது". ஒவ்வொரு அரை நிமிடத்திலும் ஆடுகிறவர் கையால் என்ன செய்கிறார், காதில் என்ன விழுகிறது என்று எழுதிக்கொண்டே போங்கள்.

எழுதி முடித்துவிட்டுப் பார்த்தால் கோளாறு தானாகத் தெரியும். கை நிறைந்திருக்கும் வரியில் காதுக்கும் முக்கியமான சேதி வைத்திருப்பீர்கள். நாய் பாயும்போது தாத்தாவின் ரகசியம் பேசப்படும். அது யார் காதிலும் ஏறாது. சண்டையின் நடுவே "பின்னாடி பாரு!" மாதிரி கைக்கு உதவும் சொல் மட்டும்தான் நிற்கும். இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு: இரண்டு நிமிடம் காது நிரம்ப வசனம், கைக்கு ஸ்டிக்கை முன்னால் தள்ளுவதைத் தவிர வேறு வேலையில்லை. பேச்சு முடிய வேண்டுமே என்று நாயகனின் நடையை வலுக்கட்டாயமாக மெதுவாக்குகிற கேம்களை நீங்களும் ஆடியிருப்பீர்கள்.

நல்ல இடம், கைக்குப் பாதி வேலை இருக்கும் இடம். 2018இன் காட் ஆஃப் வாரில் அது படகு. துடுப்புப் போட வேண்டும், ஆனால் ஆபத்து அதிகமில்லை. அப்போது கூட வரும் மிமிர் பழைய கதைகளைச் சொல்லிக்கொண்டு வருவான். கரை வந்து இறங்கிவிட்டால் கதையைப் பாதியில் நிறுத்துவான். மறுபடி படகில் ஏறினால் விட்ட இடத்திலிருந்து தொடர்வான். கதைக்காக ஆட்டம் காத்திருக்கவில்லை, ஆட்டத்துக்காகக் கதை காத்திருக்கிறது. இதைச் செய்யப் பெரிய பட்ஜெட் வேண்டாம். நீளமான பேச்சை வரி வரியாக வெட்டி, எந்த வரியில் நின்றது என்று ஒரு எண்ணைச் சேமித்து வையுங்கள்; "எங்க விட்டேன்?" என்பது மாதிரி மூன்று நான்கு இணைப்பு வசனங்களைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். இன்க், யார்ன் ஸ்பின்னர் என்ற இரண்டு கருவிகளும் இந்த மாதிரி வேலைக்காகவே இருக்கின்றன.

அதே 2018இல் வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, குதிரை மேல் பேசுவதில் கெட்டிக்காரன். ஆனால் மிஷனுக்குள் போனதும் எழுதிவைத்த வழியைவிட்டுக் கொஞ்சம் விலகினால் தோல்வி என்று திரை கறுத்துவிடும். அவ்வளவு பெரிய உலகத்தைக் கட்டிவிட்டு அதற்குள் ஒற்றையடிப் பாதையில் நடக்கச் சொல்வது எனக்கு இன்றும் உடன்பாடில்லை.

கூடவே வரும் துணைப்பாத்திரத்தைத் தெருக்கூத்தின் கட்டியங்காரன் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கதைக்குள்ளும் இருப்பான், வெளியே வந்து நம்மிடமும் பேசுவான். ஆனால் ராஜா வாயைத் திறக்கும் முன்னே அவன் வசனத்தையும் சேர்த்துச் சொல்லிவிடும் கட்டியங்காரனை யாரும் ரசிக்கமாட்டார்கள். 2022இன் காட் ஆஃப் வார் ரக்னராக்கில் துணைக்கு வருகிறவர்கள் புதிருக்கு அவசரப்பட்டுக் குறிப்புக் கொடுத்துவிடுகிறார்கள் என்று பலர் குறைப்பட்டது இதனால்தான். முதல் குறிப்பு வர ஒரு நிமிடமாவது ஆகட்டும்.

கட்சீன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் கேமில் எதுவும் 20 விநாடியைத் தாண்ட வேண்டாம். ஸ்கிப்பும், நடுவில் நிறுத்தி வைக்கும் பாஸும் கட்டாயம். ஆடுகிறவர் தன் கையால் செய்ய ஆசைப்பட்ட காரியத்தைக் கட்சீனில் செய்துகாட்டாதீர்கள். அரை மணி நேரம் மல்லுக்கட்டி அவர் வீழ்த்திய எதிரி, அடுத்த நொடி கட்சீனில் எழுந்து நாயகனை ஒரே அறையில் சாய்த்தால், ஆடியவருக்கு வயிறெரியும்.

படி 5: வாயை மூடிக்கொண்டு சொல்வது

2004இன் ஹாஃப் லைஃப் 2 தொடங்கியவுடன் ரயில் நிலையத்தில் ஒரு காவலன் வேண்டுமென்றே காலி டப்பாவைத் தட்டிவிட்டு, எடுத்துக் குப்பையில் போடு என்கிறான். போடலாம், அல்லது அவன் மேலேயே வீசலாம். பொருளை எடுப்பது எப்படி, எறிவது எப்படி என்ற பாடம் அங்கே முடிந்துவிட்டது. இந்த ஊரில் அதிகாரம் யார் கையில், அது எப்படிப்பட்டது என்பதும் தெரிந்துவிட்டது. "இந்தப் பட்டனை அமுக்கவும்" என்ற பயிற்சி லெவலைத் தனியாகச் செய்கிறவர்கள் இந்த ஒரு நிமிடத்தைப் பத்துத் தடவை ஆடிப் பார்க்கலாம். புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020இல் கொண்டுவந்த ராஜி, துர்க்கையும் விஷ்ணுவும் பேசிக்கொள்வதாகக் கதையைச் சொல்லி, புராணக் கதைகளைச் சுவரோவியங்களில் வைத்தது. நின்று பார்க்கிறவர் பார்க்கலாம், பார்க்காதவர் ஓடலாம்.

நம் கேமில் எந்த இடத்தில் கொக்கி மாட்டும் என்று ஆடுகிறவருக்குத் தெரிய வேண்டும். பெரிய கேம்களில் ஏறக்கூடிய விளிம்புக்கெல்லாம் மஞ்சள் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். நாம் தாத்தா போட்ட முடிச்சுகளை வைப்போம். அவர் படகுக்காரர்; எங்கெல்லாம் படகைக் கட்டினாரோ அங்கெல்லாம் ஒரே மாதிரி சிவப்புத் துணி முடிச்சு. ஆடுகிறவருக்கு அது வழிகாட்டி. ஏழெட்டு முடிச்சு தாண்டியதும், இந்தக் கிழவர் இத்தனை வீடுகளுக்கா வந்து போயிருக்கிறார் என்று தோன்றும். ஒரு வசனம் மிச்சம்.

படி 6: பழக்கு, பிறகு உடை

ஒரே செயலை மூன்று நான்கு தடவை ஒரே மாதிரி செய்ய வைத்தால் கை அதை யோசிக்காமல் செய்யும். அதற்கப்புறம் ஒரே ஒரு தடவை மாற்றினால் நெஞ்சு ஒரு கணம் நிற்கும். நாவலாசிரியருக்கும் சினிமா இயக்குநருக்கும் இந்த வசதி கிடையாது.

2013இன் தி லாஸ்ட் ஆஃப் அஸ் முழுக்க, உயரமான இடம் வந்தால் நாயகன் ஜோல் கையைக் கோத்து நிற்பான், கூட வரும் சிறுமி எல்லி அதில் கால் வைத்து மேலே ஏறி ஏணியை இறக்குவாள். பல தடவை செய்து சலித்த காரியம். மனதை உலுக்கும் குளிர்காலம் முடிந்து அடுத்த ஊர் வருகிறது. ஜோல் வழக்கம்போலச் சுவரோரம் நிற்கிறான், அவளைக் காணோம். தூரத்தில் எங்கோ யோசனையாக உட்கார்ந்திருக்கிறாள். அவள் உடைந்துபோயிருக்கிறாள் என்பது, நாம் அமுக்கிய பட்டனுக்குப் பதில் வராததால் தெரிகிறது. சிறிது நேரத்தில் ஏணியைப் பாதியில் போட்டுவிட்டு ஓடுகிறாள், ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்து. கதைக்காக அழுதேன் என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் அந்த ஏணிக்காகத்தான் அழுதிருப்பார்கள்.

அதே ஆண்டு வந்த பிரதர்ஸ் கேமில் அண்ணனுக்கு இடது ஸ்டிக், தம்பிக்கு வலது ஸ்டிக், ஆளுக்கொரு பட்டன். தம்பிக்குத் தண்ணீர் என்றால் பயம். நீந்தும்போது அண்ணன் முதுகைப் பற்றிக்கொள்வான். கடைசியில் அண்ணன் இல்லை. தம்பி தனியாகத் தண்ணீர்க் கரையில் நிற்கிறான், அவனுடைய பட்டன் வேலை செய்யவில்லை. செத்துப்போன அண்ணனின் பட்டனை அமுக்கினால் நீந்துகிறான். இதை உரைநடையில் எழுதிப் பார்த்தேன், மிகை உணர்ச்சியாக இருக்கிறது. விரலில் அப்படி இல்லை.

நம் கேமில் 14 நிமிடம் பட்டனைப் பிடித்திருப்பது உயிர், விடுவது விழுகை. இறுதியில் கொக்கி தாத்தாவின் படகில் மாட்டியிருக்கிறது. அவள் நிற்கும் கூரை விரிசல் விடுகிறது. பிடித்திருந்தால் இருவரும் மூழ்குவார்கள். "விடு" என்று திரையில் எழுதக் கூடாது. எப்போதும் மூலையில் தெரியும் பட்டன் படத்தை மட்டும் மறைத்துவிடுங்கள். கயிற்றின் இழைகள் ஒவ்வொன்றாக அறுபடும் சத்தம் வரட்டும். சிலர் கடைசிவரை விடமாட்டார்கள், அவர்களைத் தண்டிக்காதீர்கள். 40 விநாடி கழித்துத் தாத்தா நிமிர்ந்து பார்த்து, தன் பக்கத்து முடிச்சைத் தானே அவிழ்க்கட்டும். இரண்டு முடிவுக்கும் வசனம் எழுத வேண்டாம்.

படி 7: அவசரம் என்று சொன்னால் அவசரப்படுத்துங்கள்

உலகம் அழியப்போகிறது என்று கதை கத்தும். நாயகன் மீன் பிடித்துக்கொண்டிருப்பான். 2017இன் ப்ரெத் ஆஃப் தி வைல்ட் இதைத் தொடக்கத்திலேயே சரிசெய்துவிட்டது. நாயகன் லிங்க் 100 ஆண்டு தூங்கி எழுகிறான், வில்லன் கேனானை இளவரசி இன்னும் கோட்டையில் அடக்கி வைத்திருக்கிறாள். முதல் பீடபூமியை விட்டு இறங்கியதும் நேரே கோட்டைக்கே போகலாம், பல மாதம் ஊர் சுற்றலாம், மறந்த நினைவுகளை எந்த வரிசையிலும் தேடிக்கொள்ளலாம். சின்ன கேமில் இதைவிட எளிது: தண்ணீர் ஏறுகிறது என்றால் நிஜமாகவே ஏறட்டும், கீழ்மாடி நிஜமாகவே முழுகட்டும்.

தமிழில் எழுதப்போகிறீர்கள் என்றால்

வசனம் எழுதுவதற்கு முன் எஞ்சினில் "கொக்கி" என்று தட்டிப் பாருங்கள். யூனிட்டி எஞ்சினில் வழக்கமாகப் பயன்படும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவில் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறும். அதற்கென்று தனி வேலை செய்ய வேண்டும். கோடோ 4 என்ற எஞ்சின் தமிழ் எழுத்தை ஒழுங்காகக் கோக்கிறது, இலவசமும்கூட. இன்னொரு பொறி: வசனம் ஒவ்வொரு எழுத்தாகத் திரையில் தோன்றும் எஃபெக்ட். தமிழில் அது முதலில் "க" காட்டி, பிறகு அதையே "கொ" ஆக்கி, கண்ணை உறுத்தும். உயிர்மெய்யை ஒரே எழுத்தாக எண்ணும்படி நிரலை மாற்றுங்கள், அல்லது சொல் சொல்லாகத் தோன்றவிடுங்கள்.

படி 8: பின்னால் உட்கார்ந்து வாயைத் திறக்காதீர்கள்

கேமை இதுவரை பார்க்காத மூன்று பேரைப் பிடியுங்கள். ஒருவராவது கேமே ஆடாதவராக இருக்கட்டும். திரையைப் பார்க்காமல் அவர்கள் கையைப் பாருங்கள். முடிந்தால் செல்போனில் கையை மட்டும் படம்பிடியுங்கள். எங்கே கன்ட்ரோலர் மடிக்கு இறங்குகிறது, எங்கே பிடி இறுகுகிறது என்று நேரத்தோடு குறித்து, கை, காது தாளின் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். "அந்த எடத்துல என்னன்னா" என்று விளக்க நாக்கு துடிக்கும். அடக்குங்கள், நீங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் போய் விளக்க முடியாது.

முடிந்ததும் "நல்லா இருந்துச்சா?" என்று கேட்காதீர்கள், நம் ஊரில் அதற்கு ஒரே பதில்தான். "என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்று மட்டும் கேளுங்கள். "அவ கயித்த விட்டுட்டா" என்றால் படம் பார்த்திருக்கிறார். "நான் விட்டுட்டேன்" என்றால் ஆடியிருக்கிறார். எந்த இடத்தில் "அவ" "நான்" ஆக மாறுகிறாள் என்பதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மாற 10 நிமிடம் ஆகிறதென்றால் தொடக்கத்தில் இன்னும் கதை அதிகம்.

மூன்று பேரும் ஒரே இடத்தில் போனை எடுத்தால், முதலில் அந்த இடத்து வசனத்தை வெட்டிவிட்டு வேறு மூன்று பேரிடம் கொடுங்கள். அவர்களும் அதே இடத்தில் போனை எடுத்தால் கோளாறு கயிற்றில் இருக்கிறது, திரும்ப சாம்பல் நிறப் பெட்டிகளுக்குப் போங்கள்.